பழைய எண், புதிய எண்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு எண்கள் உண்டு. மேலே பு.எண் 27, கீழே ப.எண் 12. சென்னையில் ரொம்ப நாளாக இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாநகராட்சி கதவிலக்கங்களை மாற்றியபோது எண்தான் மாறியது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகைகளும் பொங்கல் வாழ்த்துகளும் பல வருஷம் பழைய எண்ணையே தேடிக்கொண்டு சாந்தோம் வந்தன. எங்கள் தெருவில் புதிய 12 என்பது ஏழெட்டு வீடு தள்ளி இருக்கிறது. அந்த வீட்டுக்காரரும் நானும் சிநேகிதர்களானதே, எனக்கு வந்த தபாலை அவர் கொண்டுவந்து கொடுத்துத்தான்.

இந்த வாரம் நான் எழுத வந்தது கதவு எண்ணைப் பற்றி அல்ல. கணினியில் கணக்குப் பாடம் தட்டச்சு செய்யும்போது சமன்பாடுகளுக்கு ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் போடுகிறோமே, அந்த எண்ணைப் பற்றி. 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று போய்விடாதீர்கள். இரண்டும் ஒரே விவகாரம்தான். அதில் நான் இரண்டு தடவை தவறு செய்திருக்கிறேன், நாற்பத்தைந்து வருஷ இடைவெளி விட்டு.

முதல் தடவை 1977. அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்த புதிது. சம்பளம் போதாது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்திருந்ததால், சாயங்காலங்களில் மயிலாப்பூரில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஜாப் டைப்பிங் செய்தேன். ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸ்தான் பெரும்பாலும் வரும். இலக்கியம், வரலாறு என்றால் சந்தோஷம். பௌதிகம், கணிதம் என்றால் மற்ற தட்டச்சர்கள் நைசாக நழுவிவிடுவார்கள். கூலி கொஞ்சம் கூட என்பதால் நான் எடுத்துக்கொள்வேன்.

சமன்பாடு தட்டச்சு செய்வது எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் தட்டிய மெஷினில் 1 என்ற எண்ணுக்கே தனி விசை கிடையாது. ஆங்கிலச் சின்ன 'எல்'லைத்தான் அடிக்க வேண்டும். வர்க்கம் போட வேண்டுமென்றால் உருளையை அரை வரி கீழே திருப்பி, 2 அடித்து, திரும்ப அரை வரி மேலே கொண்டுவர வேண்டும். கீழ்க்குறி என்றால் எதிர்ப்பக்கம். ஆல்பா, பீட்டா, தொகையீட்டுக் குறி இதற்கெல்லாம் இடம் விட்டுவிட்டு, தாளை எடுத்த பிறகு பேனாவால் எழுத வேண்டும். ஒரு அசல், நாலு கார்பன் நகல் என்றால் ஐந்து தாளிலும் எழுத வேண்டும். சாந்தோம் கடற்காற்றுக்கு மெஷினும் துருப்பிடிக்கும், பேனா மையும் தாளில் கசியும்.

அப்படி ஒரு பௌதிக மாணவரின் தீசிஸை முடித்துக் கொடுத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு சமன்பாட்டைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். சேர்ப்பது கஷ்டமில்லை. ஆனால் அது 22-க்கும் 23-க்கும் நடுவில் வந்தது. எங்கள் வழக்கப்படி '22 ஏ' என்று போடலாம் என்றேன். நம் தெருக்களில் 14-க்கும் 15-க்கும் நடுவில் யாராவது வீடு கட்டினால் 14 ஏ என்று போடுவதில்லையா, அதே வைத்தியம். மாணவருக்கு மனம் வரவில்லை. வரிசையாக இருந்தால்தான் அழகு என்றார். சரி என்று பிளேடால் சுரண்டிச் சுரண்டி, ஐந்து நகலிலும் 23-ஐ 24 ஆக்கி, 24-ஐ 25 ஆக்கி, கடைசிவரை போனேன். ஓரத்தில் இருந்த எண்கள் எல்லாம் சரியாகிவிட்டன. நடுவில் 'சமன்பாடு 31-இலிருந்து' என்று வாக்கியத்துக்குள் வருகிற எண்களையும் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

அது வாய்மொழித் தேர்வில் தெரிந்தது. வெளியூர்த் தேர்வாளர் அந்த வரியைக் காட்டி, இந்தச் சமன்பாட்டிலிருந்து இது எப்படி வரும், போர்டில் போட்டுக் காட்டுங்கள் என்றாராம். இவர் போட ஆரம்பித்து, வராமல், விழித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பட்டம் கிடைத்துவிட்டது. ஆனாலும் மீதிக் கூலியைக் கொடுக்க வந்தவர், 'அந்த அஞ்சு நிமிஷம் எனக்குக் கணக்கே தெரியாதோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார்' என்று சொன்னார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

இரண்டாவது தடவை சென்ற வருஷம்.

என் மனைவி முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் சாயங்காலம் பட்டினப்பாக்கத்திலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வருகிறார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ, எல்லோரும் தமிழ் மீடியம். காசு வாங்குவதில்லை. அவர் கைப்பட எழுதி வைத்த பாடக்குறிப்பு நோட்டுகள்தான் அவர்களுக்குப் புத்தகம். நோட்டு கிழிந்துகொண்டே வந்தது. அவருக்குக் கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. 'டைப்ரைட்டர்ல அடிச்சீங்களே, கம்ப்யூட்டர்ல அடிக்க மாட்டீங்களா?' என்றார். பழைய தட்டச்சு விசைப்பலகை அமைப்பிலேயே கணினியில் தமிழ் அடிக்கலாம் என்பதால் எனக்கும் தெம்பு. மைக்ரோசாஃப்ட் வேர்டில் திரிகோணமிதி பாடத்தை ஆரம்பித்தேன்.

சமன்பாடு அடிப்பது இப்போது சொர்க்கம். ஆல்ட் விசையையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி வருகிறது. அதற்குள் சாய்கோடு போட்டு இடைவெளி விசையைத் தட்டினால், மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பின்னம் தானாக அமர்ந்துகொள்கிறது. உருளையைத் திருப்ப வேண்டாம், பேனா வேண்டாம். குழந்தை மாதிரி விளையாடிக்கொண்டே 41 சமன்பாடுகள் அடித்தேன். எண்களை மட்டும் பழைய பழக்கத்தில் நானே கையால் அடித்தேன்.

எல்லாம் முடிந்து படித்துக் காட்டியபோது மனைவி சொன்னார்: 'காஸ் மைனஸ் ஏ-யும் காஸ் ஏ-யும் சமம்னு ஒண்ணு வரணும். நோட்டுல நானே விட்டிருக்கேன். பன்னிரண்டுக்கு அப்புறம் சேர்த்துடுங்க.'

1977 கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் இப்போதுதான் தேடி மாற்றும் வசதி இருக்கிறதே என்று, (13)-ஐ (14) ஆக்கு என்று கட்டளை கொடுத்தேன். பிறகு (14)-ஐ (15) ஆக்கு. இப்படியே 41 வரை உற்சாகமாகப் போனேன். முடித்துவிட்டுப் பார்த்தால், பன்னிரண்டுக்குப் பிறகு அத்தனை சமன்பாடுகளும் (42)! யோசித்துப் பாருங்கள், அப்படித்தான் ஆகும். பதின்மூன்று பதினாலு ஆனது. அடுத்த கட்டளையில் அந்தப் பதினாலும் பழைய பதினாலும் சேர்ந்து பதினைந்து ஆயின. தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் மாட்டிவிட்டேன்.

எல்லாவற்றையும் ரத்து செய்து, கடைசியிலிருந்து பின்பக்கமாக வந்தேன். (41)-ஐ (42), (40)-ஐ (41) என்று 29 கட்டளைகள். இப்போது சரியாக வந்தது. ஜெராக்ஸ் கடையில் பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து ஒரு பெண் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து நின்றாள். நன்றாகப் படிக்கிற பெண். முகம் வாடியிருந்தது. 'டீச்சர், எனக்கு மண்டையில ஏறல. ராத்திரி நாலு தடவை போட்டுப் பார்த்தேன். ஒண்ணுதான் வருது' என்றாள்.

பாடத்தில் இரட்டைக் கோணச் சூத்திரம் வருகிற இடம். காஸ் (ஏ + பி) சூத்திரத்தில் பி-க்குப் பதிலாக ஏ போட்டால் காஸ் 2ஏ வரும். கூட்டல் சூத்திரம் பழைய எண்ணில் 18. புதிய எண்ணில் 19. என் பிரதியில் 18 இருந்த இடத்துக்கு, அதற்கு முந்தைய காஸ் (ஏ − பி) சூத்திரம் வந்துவிட்டது. அந்தப் பெண் நம்பிக்கையோடு அதில் போய் பி-க்கு ஏ போட்டிருக்கிறாள். ஏ-யிலிருந்து ஏ-யைக் கழித்தால் பூஜ்யம். காஸ் பூஜ்யம் என்றால் 1. வலதுபக்கமும் சைன் வர்க்கம், காஸ் வர்க்கம் கூடி 1. அவள் போட்ட கணக்கு நாலு தடவையும் சரி. தப்பான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

எப்படி விட்டேன்? அந்த இடத்தில் மனைவியின் நோட்டில் எண்ணாக இல்லாமல், 'பதினெட்டாவது சமன்பாட்டில்' என்று எழுத்தால் எழுதியிருந்தது. நானும் அப்படியே அடித்திருந்தேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 18-ஐத் தேடிய கணினிக்கு 'பதினெட்டாவது' எப்படித் தெரியும்?

மனைவி நோட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: 'கணக்கு குரூப்பை விட்டுட்டு வேற எடுக்கலாமான்னு அம்மாகிட்ட கேட்டுட்டேன் டீச்சர்.'

அச்சில் இருப்பது தப்பாக இருக்கும் என்று எந்த மாணவருக்கும் முதலில் தோன்றாது. தப்பு தன் மேல் என்றுதான் தோன்றும். அன்று அந்த ஆராய்ச்சி மாணவர் சொன்னதையே இந்தப் பெண்ணும் வேறு வார்த்தையில் சொல்கிறாள்.

சமன்பாட்டின் எண் வெறும் அலங்காரம் இல்லை, முகவரி. நம் ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் என்னைப் போல் ஒரு குமாஸ்தாதான், துறைமுகப் பொறுப்புக் கழகத்தில். ஒற்றுமை அதோடு சரி! அவருடைய நோட்டுப் புத்தகங்களை 1957-இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் கையெழுத்தோடு அப்படியே படமெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. இரண்டாவது நோட்டில் 21 அத்தியாயங்கள். அவற்றில் முடிவுகளுக்கு அவரே எண் போட்டு வைத்திருக்கிறார். பின்னால் புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவற்றுக்கு நிரூபணம் எழுதி ஐந்து தொகுதிகள் வெளியிட்டபோது, அந்த அத்தியாயங்களில் ராமானுஜன் போட்ட எண்களையே வைத்துக்கொண்டார். ஆனால் 1976-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த, 'தொலைந்த நோட்டு' என்று சொல்லப்படும் தாள்கள் கடைசி நாட்களில் எழுதியவை. அவற்றில் அப்படி ஒழுங்கான வரிசை கிடையாது. அதனால் அறிஞர்கள் இன்றும் 'இத்தனையாம் பக்கத்தில் இருப்பது' என்று அச்சுப் பிரதியின் பக்க எண்ணைச் சொல்லித்தான் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். மேதையின் சமன்பாடாகவே இருந்தாலும், அதைப் போய்ப் பார்க்க ஒரு விலாசம் வேண்டும்.

பொறியியல் படிக்கும் என் பேரனிடம் புலம்பினேன். 'தாத்தா, இதையெல்லாம் லேடெக்ஸ்ல பண்ணணும்' என்றான். அவன் சொன்ன கதை சுவாரசியமானது. டொனால்ட் நூத் என்ற ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர், 1977-இல் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்து, கணக்கு இவ்வளவு அசிங்கமாகவா இருக்கும் என்று நொந்து, தானே டெக் என்ற அச்சுக்கோக்கும் நிரலை எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தவருக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதன் பதிப்பு எண்கூட 3.14, 3.141 என்று பை-யை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது! (அவர் அதைத் தொடங்கிய அதே 1977-இல்தான் நான் மயிலாப்பூரில் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.) அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டியதுதான் லேடெக்ஸ். அதில் சமன்பாட்டுக்கு நீங்கள் எண் போடுவதே இல்லை. ஒரு பெயர் வைக்கிறீர்கள். எங்கே வேண்டுமோ அங்கே பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். எண்ணை அதுவே எண்ணிப் போட்டுக்கொள்கிறது.

முயன்று பார்த்தேன். இந்த வயதில் எனக்கு ஓடவில்லை. ஆனால் அந்தப் பெயர் வைக்கும் யோசனை மனத்தில் தைத்தது. வேர்டிலும் அதைச் செய்யலாம் என்று பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து காட்டினான். என்னைப் போல் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கோ, குடும்பக் கணக்குக்கோ, ஓய்வுபெற்றோர் சங்க அறிக்கைக்கோ தட்டச்சு செய்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. ஒரு வரிசை, மூன்று கட்டம் உள்ள அட்டவணை போடுங்கள். கோடுகளை மறைத்துவிடுங்கள். நடுக் கட்டத்தில் சமன்பாடு, வலது கட்டத்தில் எண், இடது கட்டம் காலி. இடமும் வலமும் ஒரே அகலமாக இருந்தால் சமன்பாடு பக்கத்தின் நடுவில் நிற்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எண்ணை ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். எழுத்தளவு மாறினால் எல்லாம் கலையும்.

2. வலது கட்டத்தில் அடைப்புக்குறி போட்டு, உள்ளே எண் அடிக்காமல் கண்ட்ரோலும் எஃப்-9-உம் சேர்த்து அழுத்துங்கள். நெளிவு அடைப்புக்குறி ஒன்று வரும். அதற்குள் ஆங்கிலத்தில் எஸ், ஈ, க்யூ என்ற மூன்றெழுத்து, ஒரு இடைவெளி, பிறகு இந்த வரிசைக்கு ஏதாவது ஒரு பெயர். எல்லாச் சமன்பாட்டுக்கும் அதே பெயர்தான். பிறகு எஃப்-9 மட்டும் தட்டினால் எண்ணாக மாறிவிடும். 'நீ எத்தனையாவது என்று நீயே எண்ணிக்கொள்' என்பது இதற்கு அர்த்தம்.

3. அந்த எண்ணை அடைப்புக்குறியோடு தேர்ந்தெடுத்து, இன்சர்ட் பட்டியலில் புக்மார்க் போய், அந்தச் சமன்பாட்டுக்கு மட்டும் உரிய பெயர் வையுங்கள். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். நான் 'காஸ்கூட்டல்', 'காஸ்கழித்தல்' என்ற மாதிரி வைத்திருக்கிறேன்.

4. பாடத்துக்குள் அந்தச் சமன்பாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில், கிராஸ்-ரெஃபரன்ஸ் என்பதைத் திறந்து, புக்மார்க் வகையில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து, புக்மார்க் டெக்ஸ்ட் என்று கொடுங்கள். எண் வந்து உட்காரும். கையால் எண் அடிக்கவே கூடாது. 'பதினெட்டாவது' என்று எழுத்தாலும் கூடாது!

5. நடுவில் எதையாவது சேர்த்தால், எடுத்தால், கண்ட்ரோல்-ஏ போட்டு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்-9 அழுத்துங்கள். இரண்டு தடவை அழுத்துவது நல்லது. பின்னால் வரப்போகும் சமன்பாட்டைச் சொல்லும் இடங்களும் சரியாகிவிடும். இதைச் செய்யாவிட்டால் எண்கள் பழையபடியே நிற்கும். சில லேப்டாப்களில் எஃப்-என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

6. பெயர் வைத்த எண்ணை அழித்துவிட்டால், எஃப்-9 தட்டியதும் அதைக் குறிப்பிட்ட இடத்தில் 'எரர்' என்று தடித்த எழுத்தில் கத்தும். பயப்படாதீர்கள். விலாசம் இல்லை என்று உண்மையைச் சொல்கிறது. 1977-இல் என் மெஷின் அப்படிக் கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இன்னொன்று, மனைவி சொன்னது: எல்லாச் சமன்பாட்டுக்கும் எண் போட வேண்டாம், பின்னால் கூப்பிடப்போவதற்கு மட்டும் போட்டால் போதும். யாரும் தேடி வராத மாட்டுக்கொட்டகைக்குக் கதவு எண் எதற்கு? அப்படிப் பார்த்ததில் 42 என்பது 26 ஆகக் குறைந்தது.

முழுப் பாடத்தையும் இந்த முறையில் திரும்ப அடிக்க மூன்று வாரம் ஆனது. முடித்த அன்று ஒரு பரீட்சை வைத்தோம். மனைவி வேண்டுமென்றே மூன்றாவது இடத்தில் ஒரு பொய்ச் சமன்பாட்டைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்து, எஃப்-9 அழுத்தினேன். ஓரத்தில் இருந்த எண்கள், வாக்கியத்துக்குள் இருந்த எண்கள், எல்லாம் ஒரே நொடியில் ஒவ்வொன்று நகர்ந்தன. எடுத்துவிட்டு அழுத்தினேன், திரும்பி வந்தன. ஐந்து நகல், ஒரு பிளேடு, ஒரு வாரச் சாயங்காலம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

புதிய பிரதியின் முதல் பிரதியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். 'தப்பு உன் மேல இல்லம்மா, என் மேல' என்று அன்றே சொல்லியிருந்தேன். இப்போது இன்னொரு தடவை சொன்னேன். சொல்ல வேண்டிய இன்னொருவர் எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை. அவள் கணக்கு குரூப்பிலேயே இருக்கிறாள்.

போன வாரம் அவளே வந்து, 'சார், இருபத்தொண்ணுல கூட்டல் வர்ற இடத்துல கழித்தல் போட்டிருக்கீங்க' என்றாள். நோட்டை எடுத்துப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. ஆக, இப்போது தனக்குப் புரியவில்லை என்று நினைக்காமல், அச்சில் தப்பு என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

'இதுக்கு எந்த பட்டனை அழுத்தணும்?' என்று மனைவி என்னைக் கேட்டார்.

அதற்கு பட்டன் கிடையாது. வாசலில் சரியான எண்ணை மாட்டலாம். வீட்டுக்குள் இருப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.